தாழை மரத்தடியில் ஒரு மறைப்பணியாளர்

மறைபரப்பு ஞாயிறு வரும்போதெல்லாம், தொலைநாடுகளில் பணியாற்றும் குருக்களையும் அருள்சகோதரிகளையும் நினைத்துச் செபிக்கிறோம்; இயன்ற காணிக்கையும் தருகிறோம். அவர்களது தியாகம் என்றதும் பெற்றோரைப் பிரிவது, புது மொழி கற்பது, உயிரையே கையளிப்பது போன்ற பெரிய காரியங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. குழாய்த் தண்ணீரும், ஒழுகாத கூரையும், மனம்விட்டுப் பேச ஓர் ஆளும் நினைவுக்கு வருவதில்லை. என்றும் நம்மோடு இருப்பதால், அவை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

மொலக்காய் தீவின் புனித தமியானை இந்தக் கண்கொண்டு சற்றுப் பார்ப்போம். 1840இல் பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ ஊரில் பிறந்தவர் இவர். 1864இல் ஹவாய் தீவுகளுக்கு வந்து அங்கேயே குருவானார். தொழுநோய்க்கு அன்று மருந்து கிடையாது. நோய் கண்டவர்களை அரசு குடும்பத்திலிருந்து பிரித்து, மொலக்காயின் கலவாவோ பகுதியில் கொண்டுபோய் விட்டது. ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறமெல்லாம் கடல். 1873 மே 10ஆம் நாள் தமியான் அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஒரு சிற்றாலயம் இருந்தது. குருவுக்கு வீடு இல்லை. ஆலயத்தின் அருகே நின்ற தாழை மரத்தடியில்தான் முதல் சில வாரங்கள் படுத்துறங்கினார். நோயாளர்களின் குடிசைகளும் நல்ல நிலையில் இல்லை. 1874இல் வீசிய பலத்த காற்றில் அவற்றில் பெரும்பாலானவை சாய்ந்தன. பிறகு மரப்பலகைகள் கப்பலில் வந்தன. தமியான் உளியும் சுத்தியலும் எடுத்துத் தச்சராக மாறினார்.

தண்ணீர்தான் பெரும் துன்பம். விரல்கள் மரத்துப்போனவர்கள் தொலைவிலிருந்து அதைச் சுமந்து வரவேண்டும். குடிக்கவே போதாதபோது புண்ணைக் கழுவுவது எப்படி? துணி துவைப்பது எப்படி? அங்கிருந்த அழுக்குக்கு மக்களின் சோம்பலைக் காரணமாக்காமல், தண்ணீர்ப் பஞ்சமே காரணம் என்று தமியான் பின்னாளில் தம் அறிக்கையில் எழுதினார். 1873 கோடையில் குழாய்கள் வந்ததும், உடம்பில் தெம்புள்ள எல்லாரும் வேலையில் இறங்கினர். பள்ளத்தாக்கின் முடிவில் இருந்த இயற்கை நீர்த்தேக்கமும் தேடிக் கண்டறியப்பட்டது. வீட்டில் குழாயைத் திறக்கும்போது ஒரு நாளாவது இதை நினைத்துப் பார்க்கலாம்.

புண்களின் துர்நாற்றத்தைத் தாங்குவதற்காக அவர் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். புனிதருக்கு இது தகுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நமக்கென்னவோ, அந்த வீடுகளுக்குள் அவர் நாள்தோறும் நுழைந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

உடல் வசதிகளைவிட அவர் மிகவும் ஏங்கியது ஒப்புரவு அருள்சாதனத்திற்காக. குடியிருப்பைவிட்டு வெளியேற அவருக்கு அனுமதி இல்லை. தம் சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, அதில் ஏறவும் அவரை விடவில்லை. தமியான் படகில் நின்றபடியே, மேல்தளத்தில் இருந்தவரை நோக்கித் தம் பாவங்களை உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். நம் பங்குகளிலோ, ஒப்புரவுத் தொட்டியின் முன் ஐந்து பேர் நின்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நற்கருணை மட்டும் இல்லாவிட்டால் தம் நிலையைத் தாங்கவே முடியாது என்று எழுதியவர் தமியான்.

அன்புக்குரியவர்களே, அவரைவிட நாம் வசதியாக இருக்கிறோம் என்று ஆறுதல் அடைவதை நன்றி என்று சொல்ல முடியாது. பரிசேயர் கோவிலில் செய்த செபமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். தாம் இழந்தவற்றின் மதிப்பை அறிந்த தமியான், அவை அடுத்தவருக்குக் கிடைக்கும்படி குழாய் பதித்தார், வீடு கட்டினார், சவப்பெட்டியும் செய்தார்.

1884 இறுதியில் கொதிநீரில் கால் வைத்தபோது கொப்புளம் எழுந்தது, வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதை அறிந்தார். வலி கூட ஒரு கொடை என்று அப்போதல்லவா தெரிகிறது! அதன் பிறகும் வேலையை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. 1886இல் ஜோசப் டட்டன் என்னும் பொதுநிலையினர் உதவிக்கு வந்தார். 1888இல் அருள்தந்தை கொன்ரார்தியும், பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட அன்னை மரியான் கோப்பும் வந்தனர். 1889 ஏப்ரல் 15, புனித வாரத் திங்கட்கிழமை, தமியான் இறந்தார். படகில் நின்று கத்தவேண்டிய தேவை இம்முறை இல்லை. அருகிலேயே குருக்கள் இருந்தார்கள்.