காலையில் முதல் அடி வைக்கும்போது குதிக்கால் வலிக்கிறதா?



விடியற்காலையில் பெரட்டுக்குப் போக எழுந்து முதல் அடி வைக்கிறீர்கள். குதிக்காலில் ஆணி குத்தியதுபோல் சுரீர் என்கிறது. பத்துத் தப்படி நொண்டி நடந்தபின் கொஞ்சம் தேவலை. பத்து மணிக்கு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். இப்படி இருந்தால் பெரும்பாலும் அது உள்ளங்கால் சவ்வில் வரும் வலிதான்.

சென்ற விடுமுறையில் கம்போங் மேடானில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய கிள்ளான் சாலைப் பக்கத்து அந்தக் குடியிருப்பில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நிறைய. டிரெசர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஓர் அம்மா இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். இப்போது தொழிற்சாலையில் தரை துடைக்கிறார். இன்னொருவருக்கு ஜாகா வேலை. "மலையேறி எறங்குனப்ப வராத வலி, சமதரையிலே எப்படிங்கய்யா வருது?" என்று அந்த அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. குதிக்கால் எலும்பிலிருந்து விரல்வரை, வில்லுக்கு நாண் கட்டியதுபோல் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. அடி வைக்கும்போதெல்லாம் அது இழுபடுகிறது. தோட்டத்து மண் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். சிமெண்டுத் தரை கொடுக்காது. எட்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலை, தேய்ந்த சிலிப்பர், வயதோடு ஏறிய உடம்பு, இறுகிப்போன கெண்டைக்கால் எல்லாம் சேர்ந்து எலும்போடு ஒட்டும் இடத்தில் சவ்வு நைந்துபோகிறது. ராத்திரி அது சுருங்கிக்கிடக்கும். காலையில் திடீரென்று இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் இது வராமல் இல்லை. நாம் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் 'அடிடாஸ் கம்போங்', சேற்றில் வழுக்காது. ஆனால் உள்ளே மெத்தை கிடையாது. குதிக்காலுக்குத் தாங்கலாக ஒரு மெத்தையை வாங்கி உள்ளே போடுங்கள். வீட்டிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

இனி வைத்தியம். படுக்கையை விட்டு இறங்குமுன், வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டுக்கொண்டு, கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். உள்ளங்கால் விறைத்து நிற்கும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. சுவரில் கைவைத்து, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிக்கால் தரையில் பதிய முன்னால் சாய்ந்து கெண்டைக்காலையும் நீட்டவேண்டும்.

வலி கொஞ்சம் தணிந்தபின் இன்னொன்று. படியில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துவாலை வைத்து, குதிக்காலை மெள்ள உயர்த்தி மெள்ள இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். டென்மார்க்கில் செய்து 2014இல் வெளிவந்த ஆராய்ச்சியில், மூன்று மாதத்தில் இது நல்ல பலன் கொடுத்தது.

அவசரப்படாதீர்கள். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் கத்தி வைக்காமலே குணமாகிறது. ஊசி போட்டால் சில வாரம் சுகம்தான். அடிக்கடி போட்டால் சவ்வே அறுந்துபோகலாம். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தாலும் பயம் வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது. வலி மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அந்த அம்மாவின் குதிக்காலில் ஒரு தழும்பு பார்த்தேன். செங்கல்லைச் சுடவைத்து, எருக்கிலையைப் போட்டு மிதித்தாராம். நம் பாட்டிமார் காலத்து வைத்தியம், இதமாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு இனிப்புநீர். பாதம் மரத்திருந்ததால் சுட்டதே தெரியவில்லை. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அதைவிட அதிகம். ஆகவே இனிப்புநீர் உள்ளவர்கள் செங்கல்லும் வேண்டாம், ஐஸ் ஒத்தடமும் வேண்டாம். மற்றவர்கள் ஐஸாக உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, உள்ளங்காலால் பத்து நிமிஷம் உருட்டலாம்.

"காலுக்கு ஓய்வு கொடு" என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். நாள் சம்பளக்காரருக்கு அது அரிசிப் பிரச்னை. அதனால் வேலையை விடச் சொல்லவில்லை. சில வாரத்துக்கு மேட்டு நிரையை மாற்றிக் கொடுக்கும்படி, அல்லது உட்கார்ந்து செய்யும் வேலை தரும்படி மண்டோரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் கிளைத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

குதிக்கால் வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் கண்டால், படுத்திருக்கும்போதும் வலித்தால், மரத்துப்போனால், உயரத்திலிருந்து விழுந்தபின் வலி வந்தால், அது வேறு சங்கதி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.