உங்களுக்குத் தெரியுமா?

நேபாளத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள், அதன் மலைச்சாலைகளை வீட்டில் உட்கார்ந்தபடியே வரைந்து கொடுத்தார்கள்!

● 2015 ஏப்ரல் 25: அங்கு 7.8 அளவிலான நிலநடுக்கம். அடுத்த 48 மணி நேரத்தில் 2,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற இணைய வரைபடத்தை நிரப்பும் பணியில் இறங்கினார்கள். அதில் பதிவான நேபாளச் சாலைகளின் நீளம் நான்கு மடங்கானது.

● வழி எளிது: செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பாதை, கூரை, ஹெலிகாப்டர் இறங்கத் தோதான சமதளம் ஆகியவற்றைக் கணினியில் குறிப்பது. அனுபவசாலிகள் சரிபார்ப்பார்கள்.

● ஊர்ப்பெயர் வானத்திலிருந்து தெரியாது! அதற்கு உள்ளூர்க்காரர்கள் வேண்டும். 'காத்மாண்டு லிவிங் லேப்ஸ்' என்ற உள்ளூர் அமைப்பு நிலநடுக்கத்துக்கு முன்பே பலருக்கு வரைபடப் பயிற்சி தந்திருந்தது.

● வரைபடத்தில் பாதை தெரிந்தாலும் லாரி போகாத மலைக் கிராமங்களுக்கு, உலக உணவுத் திட்டம் சுமைதூக்கிகள், கோவேறு கழுதைகள் மூலம் நிவாரணப் பொருள்களை அனுப்பியது.