காத்திருக்க வசதியில்லாதவர்கள்

விழுப்புரம் மாவட்டத்து ஊர் ஒன்றில், காலனித் தெருவில் வைத்து ஓர் இளைஞரைச் சந்தித்தோம். பட்டதாரி. அந்தத் தெருவில் கல்லூரிப் படியேறிய மூன்றாவது ஆள். அரசு வேலைக்கான போட்டித் தேர்வு எழுதினார், தேறினார். ஆனால், அடுத்த கட்டத்துக்கான அழைப்பு மாதக்கணக்கில் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். இடையில் செல்போன் எண் மாறிவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச்சொல்லி வந்த குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போனது. நண்பர் சொல்லித் தெரிந்தபோது தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"எத்தனை மாசம்ணா கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்க முடியும்? அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்த்தான் வீட்டுல உலை வைக்குது" என்றார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

வேலைக்கு ஆள் எடுப்பதில் ஏற்படும் தாமதத்தை நிர்வாகச் சிக்கல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது சமூகநீதிச் சிக்கலும்கூட. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு ஆண்டு காத்திருக்கலாம், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி மறுபடியும் எழுதலாம். கூலி வீட்டுப் பிள்ளையால் முடியாது. வரிசை நீளும்போது முதலில் விலகிப் போகிறவர்கள் ஏழைகள். கிராமங்களில் அந்த ஏழைகளில் பெரும்பகுதி நம் தெருக்காரர்கள்.

நின்றுபோகும் சக்கரம்

தமிழகத்தில் அரசுப் பணிகளில் பட்டியல் இனத்தவருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு 2009 முதல் வழங்கப்படுகிறது. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. இது அலுவலகத்தில் நடைமுறைக்கு வருவது 200 புள்ளி இனச்சுழற்சி முறை வழியாக. 200 பணியிடங்கள் நிரப்பப்பட்டால் அதில் 36 பட்டியல் இனத்தவருக்கு, அந்த 36-க்குள் 6 அருந்ததியருக்கு, தனியாக 2 பழங்குடியினருக்கு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆள் எடுத்தால்தான் இந்தச் சுழற்சி நகரும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரை மட்டும் எடுக்கும் அலுவலகத்தில் பழங்குடி இளைஞரின் முறை வர ஒரு தலைமுறைகூட ஆகலாம். யாரும் இட ஒதுக்கீட்டை ரத்து செய்யவில்லை. ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட்டால் போதும், சட்டம் காகிதத்தில் அப்படியே இருக்கும்.

நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைப் பின்னடைவுப் பணியிடங்கள் என்கிறோம். அவை காலாவதியாகிவிடக் கூடாது என்பதற்காகவே 2000-ல் அரசமைப்புச் சட்டத்தின் 81-வது திருத்தம் வந்தது. அதன்படி சேர்க்கப்பட்ட 16(4பி) பிரிவு, முந்தைய ஆண்டுகளில் நிரப்பப்படாத இடங்களைத் தனி வகையாக வைத்து நிரப்ப வழிசெய்கிறது. அந்த ஆண்டுக்குரிய 50 விழுக்காடு வரம்புக் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை. வழி இருக்கிறது. நடப்பதற்குத்தான் நாள் ஆகிறது.

1943-ல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் இனத்தவருக்கு 8.33 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அப்படிப் போராடிப் பெற்ற உரிமையை நாள் கடத்தியே தேய்த்துவிட முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

வேகமும் சாத்தியமே

குரூப் 2 தேர்வுக்கு 2022 பிப்ரவரி 23-ல் அறிவிப்பு வந்தது. முதல்நிலைத் தேர்வு அதே ஆண்டு மே 21-ல், முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25-ல் நடந்தன. முதன்மைத் தேர்வு முடிவு வெளியானது 2024 ஜனவரியில். அறிவிப்பிலிருந்து ஏறத்தாழ 23 மாதங்கள்.

குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 24-ல் எழுதியவர்களுக்கு முடிவு தெரிந்தது 2023 மார்ச் 24-ல், எட்டு மாதம் கழித்து. 2024 ஜூன் 9-ல் எழுதியவர்களுக்கோ அக்டோபர் 28-லேயே, ஐந்து மாதத்துக்குள், முடிவு வந்துவிட்டது. இரண்டு முறையும் எழுதியவர்கள் லட்சக்கணக்கில். மனம் வைத்தால் நாளைக் குறைக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

தாமதத்தால் வயது போகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. கொரோனா காலத்தில் தேர்வுகள் நடக்காததால் 2021-ல் வயது உச்சவரம்பு இரண்டு ஆண்டுகள் உயர்த்தப்பட்டது. ஆனால், வயதை நீட்டித்தாலும் போன பணிக்காலம் திரும்பாது. 26 வயதில் சேர வேண்டியவர் 30-ல் சேர்ந்தால் நான்கு ஆண்டுச் சம்பளமும் பணிமூப்பும் போய்விடும். பதவி உயர்வும் தள்ளிப்போகும். ஓய்வு வயது 60 எல்லோருக்கும் ஒன்றுதான். மேல்நிலைப் பதவிகளில் நம்மவர்கள் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எடுப்பவருக்கும் இழப்பு

தாமதத்தால் இழப்பது வேலை தேடுகிறவர் மட்டுமல்ல. ஒரு கிராம நிர்வாக அலுவலர் மூன்று ஊருக்குக் கூடுதல் பொறுப்பு பார்த்தால், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த மாணவிதான் அலைய வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால், அந்த ஆண்டு அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரும்ப வராது. இடத்தை இட்டு நிரப்பத் தற்காலிக ஆட்களையும் ஒப்பந்த ஆட்களையும் வைக்கிறார்கள். அங்கே இனச்சுழற்சி பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

தனியார் நிறுவனங்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்காணல் முடிந்து மாதக்கணக்கில் முடிவு சொல்லாமல் வைத்திருந்தால் கெட்டிக்காரர்கள் வேறிடம் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களிலிருந்துதான் எடுக்க முடியும். நாள் இழுக்க இழுக்கச் சிபாரிசுக்கும் வாசல் திறக்கும். "எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற விசாரிப்புக்கும் நேரம் கிடைக்கும். சிபாரிசு செய்ய ஆள் இல்லாத பிள்ளைக்கு, குறித்த நாளில் வரும் முடிவே பாதுகாப்பு.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயம் அல்ல. அறிவிப்பிலேயே தேர்வு, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, பணி ஆணை ஆகிய நான்குக்கும் தேதி போடுங்கள். தவறினால் காரணத்தை வெளியிடுங்கள். அழைப்பைக் குறுஞ்செய்தியோடு நிறுத்தாமல் தபாலிலும் அனுப்புங்கள். பின்னடைவுப் பணியிடங்களைத் தனி அறிவிப்பாக ஆண்டுதோறும் நிரப்புங்கள்.

மாணவர்களுக்கு

நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. தேர்வுக்குக் கொடுத்த செல்போன் எண்ணை மாற்றாதீர்கள். மாற்றினால் உடனே பதிவைத் திருத்துங்கள். சாதிச் சான்றிதழைத் தயாராக வையுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதால், அதற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

உங்கள் பகுதி அலுவலகத்தில் எத்தனை இடம் காலி, இனச்சுழற்சிப் பதிவேடு எந்தப் புள்ளியில் நிற்கிறது, பின்னடைவுப் பணியிடம் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். ஊர் இளைஞர் மன்றமே ஒரு மனு எழுதலாம்.

திருப்பூரில் இருக்கும் அந்தத் தம்பி மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து படிப்பதாகச் சொன்னார். இந்த முறை வீட்டு முகவரியோடு அம்மாவின் செல்போன் எண்ணையும் கொடுத்திருக்கிறாராம். அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். மிச்சம் வேலை கொடுப்பவர்கள் கையில் இருக்கிறது.