பெயருக்கு முன்னால் ஆறு வருஷம்!

ஆபீஸ் வேலையை விடாமல் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் பி.எச்டி. பண்ணலாமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி இளைஞர்களுக்காக ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு!

நிர்வாகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு முதல் சோதனை பல்கலைக்கழகத்தில் வராது. ஃபிளாட் வாசலில் வரும்.

வாசலில் ‘டாக்டர்’ என்று போர்டு மாட்டினால் போதும். மறுநாளே கீழ் வீட்டு அம்மா கதவைத் தட்டுவார்.

“தம்பி, பேரனுக்கு ராத்திரியிலேர்ந்து ஜுரம்...”

“ஆன்ட்டி, நான் அந்த டாக்டர் இல்லே. பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்!”

“அப்படின்னா?”

“நிர்வாகம் ஆன்ட்டி.”

“அட, அப்ப நல்லதாப் போச்சு! நம்ம ஃபிளாட் மெயின்டெனன்ஸ் கணக்கு ரெண்டு வருஷமா இடிக்குது. ஏன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்!”

சிரிக்காதீர்கள். அந்த அம்மாதான் சரியாகப் பிடித்திருக்கிறார். ஓர் இடத்தில் கணக்கு இடிக்கிறது; ஏன் இடிக்கிறது என்று விடாமல் துருவுவது - நிர்வாகவியல் ஆராய்ச்சி என்பது மொத்தமும் இவ்வளவுதான்!

ஜன்னலுக்கு வெளியே சிலபஸ்

சென்ட்ரலிலிருந்து ஆவடி மார்க்கத்தில் ரயில் ஏறினால் நிர்வாகம் என்பது புத்தகச் சமாசாரமில்லை, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற சமாசாரம் என்பது புரியும். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் 1965-ல் முதல் ‘விஜயந்தா’ டாங்கை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை... நடுநடுவே கல்லூரிகள். ஆவடியில் வேல்டெக், மதுரவாயலில் எம்.ஜி.ஆர். பெயரிலான கல்வி ஆராய்ச்சி நிறுவனம், பூந்தமல்லி தாண்டித் தண்டலத்தில் சவீதா என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் உண்டு.

தொழிற்சாலையும் கல்லூரியும் எதிரெதிரே இருக்கிற ஊரில் எம்.பி.ஏ. முடித்த இளைஞனுக்கு, ‘அடுத்தது பி.எச்டி.தான்’ என்று தோன்றுவது சகஜம். காரணங்கள்தான் பலவிதம். சிலருக்கு பிரமோஷன். சிலருக்கு, ‘பின்னாலே ஒரு காலேஜ்ல லெக்சரரா உட்கார்ந்துடலாம்’ என்கிற ஆசை. சிலருக்குக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் கொஞ்சம் கனம்!

மூன்றையும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். ஒர்க் ஷாப்பிலும் அக்கவுன்ட்ஸிலும் பி.எச்டி.க்கென்று தனி இன்க்ரிமென்ட் கொடுக்கிற முதலாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லெக்சரர் வேலைக்கு? உதவிப் பேராசிரியராக நுழைய பி.எச்டி. கட்டாயமில்லை, நெட், செட், ஸ்லெட் தேர்வுகளில் ஒன்று பாஸ் செய்திருந்தால் போதும் என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. அதற்கு மேலே அசோசியேட் பேராசிரியராக ஏறத்தான் டாக்டர் பட்டம் வேண்டும். கல்யாணப் பத்திரிகையோ... கல்யாணம் முடிந்த மறுநாள் குப்பைக்கூடை!

ஆக, பட்டத்துக்காக மட்டும் என்றால் கணக்கு இடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளின் விலை

2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளைப் பாருங்கள். எம்.பி.ஏ. போன்ற முதுகலையில் 55 சதவிகித மார்க் வேண்டும் (ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவிகிதம் சலுகை). குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். அதற்குள் முடியவில்லையென்றால் மறுபதிவு செய்து இன்னும் 2 வருஷம். பெண்களுக்கும், 40 சதவிகிதத்துக்கு மேல் உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருஷம்.

சேர்ந்ததும் நேரே ஆராய்ச்சியில் குதித்துவிட முடியாது. குறைந்தது 12 கிரெடிட்டுக்கு ‘கோர்ஸ் ஒர்க்’ என்று மறுபடி வகுப்பு, மறுபடி பரீட்சை. அப்புறம் ஒவ்வொரு செமஸ்டரும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்னால் நின்று, ‘இதுவரை என்ன செய்தேன்’ என்று ஒப்பிக்க வேண்டும். ‘ஆபீஸ்ல இயர் எண்டிங் சார்’ என்றால் இரண்டு தடவை தலையாட்டுவார்கள். மூன்றாம் தடவை ஆட்டமாட்டார்கள்.

வழிகாட்டி கிடைப்பதும் லேசில்லை. ஒரே சமயத்தில் ஒரு பேராசிரியர் 8 பேருக்கு, அசோசியேட் 6 பேருக்கு, உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் கைடாக இருக்கலாம். ரிடையர் ஆக 3 வருஷத்துக்கும் குறைவாக இருக்கிறவர் புது ஆளை எடுக்கக்கூடாது. நுழைவுத் தேர்வைப் பல்கலைக்கழகமே நடத்தலாம். இல்லாவிட்டால் நெட் மார்க்கை எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூன் நெட் தேர்விலிருந்து பி.எச்டி.க்கு மட்டும் தகுதி பெறுகிறவர்களுக்கு, நெட் மார்க்குக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய பரீட்சை ஆபீஸில் இருக்கிறது. பகுதி நேரமாகச் சேர, வேலை கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும். ‘ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் இவருக்குக் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க விடுவிப்போம்’ என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

“ஸார், ஒரு கையெழுத்து...”

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றுகிறார். “உனக்குப் போதிய நேரம் இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணுமா?”

“ஆமா ஸார்.”

“அப்ப அந்த பெண்டிங் ஃபைலையெல்லாம் ஏன்யா இன்னும் முடிக்கலே?”

இந்த ஒரு கேள்வியில் ஊற்றிக்கொண்ட டாக்டர் பட்டங்கள் எத்தனையோ!

பாடிக்கு வந்த பரிசு

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். ஆபீஸ் இளைஞனிடம் ஒரு சொத்து இருக்கிறது. அதன் மதிப்பு அவனுக்கே தெரிவதில்லை. அவன் வேலை பார்க்கிற இடம்தான் அது.

1924-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் ஹாதார்ன் என்கிற தொழிற்சாலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று சோதித்தார்கள். கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள்; அப்போதும் கூடியது! கணக்கு இடித்தது. ‘நம்மை யாரோ கவனிக்கிறார்கள்’ என்ற நினைப்பே தொழிலாளியை மாற்றியதோ என்று ஆராய ஆரம்பித்தார்கள். அந்த முடிவைப் பின்னாளில் மறுத்தவர்களும் உண்டு. ஆனால், தொழிலாளியின் மனசையும் ஆராய வேண்டும் என்று நிர்வாகவியல் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1925, 26 கோடை விடுமுறைகளில் அதே ஹாதார்ன் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் ஆராய்ச்சி மாணவர், 1928-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பெயர் எட்வர்ட்ஸ் டெமிங். தரக் கட்டுப்பாட்டை ஜப்பானுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் பெயரில் 1951-ல் ஜப்பான் ஒரு பரிசை ஏற்படுத்தியது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்தியக் கம்பெனி எது தெரியுமா? நம்ம பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு! வருஷம் 1998. பின்னால் 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் வாங்கியது. அம்பத்தூர் பஸ் பாடியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒரு சலாம் போட்டுவிட்டுப் போங்கள்.

நம்ம ஊர்க்காரர் கதையும் ஒன்று. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் பௌதிகம் படித்து, பத்தொன்பது வயதில் சென்னை யூனியன் கார்பைடு பேட்டரி தொழிற்சாலையில் சேர்ந்தார் சி.கே.பிரகலாத். நாலு வருஷம் ஷாப் ஃப்ளோர். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம். அப்புறம் ஹார்வர்ட். அங்கே பன்னாட்டுக் கம்பெனி நிர்வாகம் பற்றி இரண்டரை வருஷத்தில் ஆய்வேட்டை முடித்து, 1975-ல் டாக்டர் பட்டம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு யோசனை சொன்னவர், ஏழைகளையும் வாடிக்கையாளராக மதிக்கச் சொல்லி 2004-ல் புத்தகம் எழுதியபோது எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை!

டிக் அடிக்கிற வியாதி

நம்ம பக்கத்து ஆராய்ச்சிகளில் அதிகம் பார்க்கிற தலைப்பு, ‘ஊழியர்களின் வேலைத் திருப்தி - ஓர் ஆய்வு’. ஊர் மாறும், கம்பெனி மாறும், திருப்தி மாறாது! ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘மிகவும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம். டீ பிரேக்கில் ஃபாரத்தை நீட்டினால், ஆபரேட்டர் எல்லாவற்றுக்கும் நடுக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வடை சாப்பிடப் போய்விடுவார். இந்த முறையை வகுத்த ரென்சிஸ் லிக்கர்ட்டுக்கு 1932-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வேடே அதுதான். அவருக்கு அது கண்டுபிடிப்பு. நமக்கு அது பழக்கம்!

நிஜமான கேள்வி வேண்டுமா? தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள்.

சிறு தொழில்காரருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ம் வருஷச் சட்டம். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் ‘பேங்க் ரேட்’ போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் கிடுக்கிப்பிடி போட்டார்கள். காலத்தில் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வரைக்கும் செலவாகக் காட்ட முடியாது. சட்டம் இத்தனை பலமாக இருக்கிறதே, பட்டறைக்காரர் வட்டி கேட்கிறாரா? கேட்டால் அடுத்த ஆர்டர் வருகிறதா? நீங்கள் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டில் இருந்தால், இதற்கான பதில் உங்கள் மேஜை டிராயரிலேயே பாதி இருக்கும்!

ஆவடிக்காரருக்கு இன்னொன்று. 2021 அக்டோபர் 1-ம் தேதி நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாக மாறின. டாங்க் செய்கிற கம்பெனிக்குத் தலைமையகம் ஆவடி. நேற்று வரை சர்க்கார் இலாகா, இன்று கம்பெனி. பெயர்ப் பலகை மாறியது சரி... ஃபைல் நகர்கிற வேகம் மாறியதா? பூந்தமல்லிக்காரருக்கும் உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலைக் குடோனில் திங்கட்கிழமை சேர்ந்த பையன் அடுத்த திங்கட்கிழமை ஏன் வருவதில்லை? சம்பளமா, ஷிப்ட்டா, சூபர்வைசரின் வாயா?

வெளியூர்ப் பேராசிரியர் இந்தக் கேள்விகளை எட்டிப் பிடிக்கவே ஒரு வருஷம் ஆகும். உங்களுக்கு தினம் வந்து மேஜையில் விழுகின்றன.

குறுக்குச் சந்து ஜாக்கிரதை!

‘தீசிஸ் நாங்க எழுதித் தர்றோம்’ என்று சில புண்ணியவான்கள் வருவார்கள். 2018-ம் வருஷ விதிப்படி, ஆய்வேட்டில் காப்பி 10 சதவிகிதத்தைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து! ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ என்கிற கணினித் தொகுப்பில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் மேனேஜரும் படிக்கலாம்! ‘வீட்டிலிருந்தே ஆன்லைன் வெளிநாட்டு பி.எச்டி.’ விளம்பரமா? தனியார் கம்பெனிகள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கூட்டு சேர்ந்து நடத்தும் அந்தப் பட்டங்கள் செல்லாது என்று 2022 அக்டோபரிலேயே யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் எச்சரித்துவிட்டன.

சேருவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. உங்கள் ஆராய்ச்சிக் கேள்வியை ஒரே வாக்கியத்தில், சாதாரணத் தமிழில், மெஷினில் நிற்கிற ஓர் ஆபரேட்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

“அதானே ஸார், ஏன் அப்படி நடக்குது?” என்று அவர் திருப்பிக் கேட்டால் தைரியமாக அப்ளிகேஷன் போடுங்கள். ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் வீண் போகாது.

“இதெல்லாம் எதுக்கு ஸார்?” என்று கேட்டால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஆறு வருஷத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த கைடு அவர்தான்!