சிறுபருவத்து விளையாட்டுப் பொருள்களும் அவற்றைத் தொகுத்தலும்

தபால் முத்திரை, பழங்காசு, ஏட்டுச்சுவடி முதலியவற்றைத் தொகுத்து வைப்பாரை நாம் அறிவோம். இவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு கூட்டத்தார் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி மேனாடுகளில் பெருகினர். இப்பொழுது நம் நாட்டிலும் ஆங்காங்கே காணப்படுகின்றனர். தாம் சிறுவராயிருந்த காலத்தில் கையாண்ட விளையாட்டுப் பொருள்களைத் தேடித் திரிந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றுபவரே அவர். தலை நரைத்த ஒருவர் சாணளவினதாகிய தகர மோட்டார் வண்டிக்காக ஒரு மாத ஊதியத்தை ஈந்தார் என்று கேட்பின் நம்மிற் பலர்க்கு நகை தோன்றும். ஆயினும் இவ்விருப்பத்தின் இயல்பையும், இதனால் எவை எஞ்சுகின்றன, எவை எஞ்சாமற் போகின்றன என்பதையும் ஆராய்தல் பயனுடையதாம்.

கழிந்த காலத்தை எண்ணி உள்ளம் நெகிழ்தலை மேனாட்டார் நாஸ்டால்ஜியா என்பர். இச்சொல்லின் பிறப்பு வியப்பிற்குரியது. 1688ஆம் ஆண்டில் பாஸல் நகரத்தில் மருத்துவம் பயின்ற ஜொஹான்னஸ் ஹோபர் என்பார், தாயகத்தைப் பிரிந்து அயல்நாட்டில் வைகிய சுவிட்சர்லாந்து மக்கள் உணவும் உறக்கமும் குன்றி மெலிவதைக் கண்டு, அதனை ஒரு நோயென்றே கொண்டு ஆராய்ச்சியுரை ஒன்று வரைந்தார். இல்லத்திற்கு மீளுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும், துன்பம் என்னும் பொருளுடைய மற்றொரு கிரேக்கச் சொல்லையும் கூட்டி அந்நோய்க்கு அவர் இட்ட பெயரே இது. அந்நாளில் இஃது இடத்தைப் பற்றிய ஏக்கமாக இருந்தது. நாளடைவில் காலத்தைப் பற்றிய ஏக்கமாக மாறிற்று. பிரிந்து வந்த ஊருக்கு வழி கேட்டேனும் திரும்பிச் செல்லலாம். கழிந்த பத்தாம் வயதிற்கு யாங்ஙனம் செல்வது? ஆகலின் அப்பருவத்தில் நம் கையில் இருந்ததொரு பொருளை மீண்டும் கையில் எடுத்துப் பார்த்து ஒருவாறு ஆறுதல் அடைகின்றோம் போலும்.

இத்தொகுப்பு முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்து தேசத்து லிவர்ப்பூல் நகரத்தில் உண்டான பொருள்களே ஆகும். அந்நகரத்தவராகிய பிராங்க் ஹார்ன்பி என்பார் தம் புதல்வர் விளையாடும் பொருட்டு, ஒத்த இடைவெளியில் துளைகள் இடப்பெற்ற உலோகத் தகடுகளைச் செய்து, அவற்றைத் திருகாணியும் மறையும் கொண்டு இணைத்துப் பாலம், பாரந்தூக்கி முதலியவற்றை அமைத்துக் காட்டினார். ஒன்றைப் பிரித்து மற்றொன்றாக்கலாம் என்பதே அதன் சிறப்பு. 1901இல் அதற்கு உரிமை பெற்றார். பின்னர் அது மெக்கானோ என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. 1920 முதல் விளையாட்டு ரெயில் வண்டிகளையும் அவர் தொழிற்சாலை வெளியிட்டது. அவ்வண்டிகள் நிற்கும் ஸ்டேஷன்களுக்கு அணியாகச் சிறு மோட்டார் வண்டிகள் சிலவற்றைச் செய்யப் போக, அவையே தனிப் புகழ் பெற்று 1934 முதல் டிங்கி டாய்ஸ் எனப்பட்டன. உள்ளங்கையில் அடங்கும் அவ்வண்டிகளை இரண்டு தலைமுறைச் சிறுவர் தரையிலும் மேசையிலும் உருட்டி மகிழ்ந்தனர். பின்ஸ் ரோட்டிலிருந்த அத்தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. அதில் செய்யப்பெற்ற வண்டிகள் இன்று ஏலச்சாலைகளில் விற்கப்படுகின்றன.

ஏலச்சாலையில் இவற்றின் மதிப்பு அளக்கப்படும் முறையையே நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். வண்ணம் சிறிதும் உதிர்ந்திருத்தல் ஆகாது. சக்கரம் தேய்ந்திருத்தல் ஆகாது. யாவற்றினும் மேலாக, அது விற்கப்பட்ட அட்டைப்பெட்டி கிழியாமல் இருத்தல் வேண்டும். பெட்டியோடு கூடிய வண்டி, பெட்டியில்லாத வண்டியினும் பன்மடங்கு விலை பெறுகின்றது. சில வேளைகளில் வெறும் பெட்டியே தனியாக விலைபோகின்றது! இதனால், புதிதாக அச்சிட்ட பெட்டியைப் பழையதென்று காட்டி ஏமாற்றுவாரும் தோன்றினர். பெட்டியைப் பிரித்து எறியாத பிள்ளை யாண்டு உளன்? அங்ஙனம் ஒருவன் இருந்தானாயின், அப்பரிசு அவன் விரும்பாததாயிருத்தல் வேண்டும். அன்றேல் கடைக்காரர் விற்க மாட்டாது பரண்மேல் இட்டு மறந்த சரக்காதல் வேண்டும். எனவே, மிகுந்த விலைபெறும் பொருள் ஒரு குழந்தையாலும் விளையாடப் பெறாத பொருளே. மழையில் நனைந்து, மண்ணிற் புதைந்து, உடன்பிறந்தானோடு பூசல் விளைத்து, இரவில் தலையணைக்கீழ் உறங்கிய வண்டிக்கு ஏலத்தில் மதிப்பில்லை. இளமையின் நினைவுக்காகவே தொகுக்கின்றோம் என்பார், ஒருவர் இளமையோடும் கலவாத பொருளை உயர்த்திக் கூறுதல் எனக்கு முரணாகவே தோன்றுகின்றது.

பெட்டிக்குள் காத்த பொருளும் நிலைபெறுவதென்று கூறுதற்கில்லை. டிங்கி வண்டிகள் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்பட்டன. அக்கலவையில் ஈயம் மிகச் சிறிதளவு கலந்துவிடினும், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு உண்டாகின்றது. பல்லாண்டுகள் கழிந்தபின் வண்டி வீங்கும். பின் கீறல் காணும். முடிவில் தொட்ட அளவில் பொடியாகும். 1939ஆம் ஆண்டு யுத்தத்திற்கு முன் வார்க்கப்பட்டவற்றுள் பல இவ்வாறு அழிந்தன. இந்நோய் வார்ப்பிலேயே உடன்பிறந்தது. நோய் முற்றியபின் மருந்தில்லை. வெப்பமும் ஈரமும் இதனை விரைவிக்கும் ஆதலின், உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்து அழிவைத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே.

இவ்வண்டிகளுக்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. தொழிற்சாலையார் தாம் பயன்படுத்தி ஒதுக்கிய வார்ப்பு அச்சுக்கள் சிலவற்றை 1960க்குப் பின் கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனியார்க்கு விற்றனர். அவற்றால் வார்க்கப்பட்ட வண்டிகள் நிக்கி என்னும் பெயரோடு நம் கடைகளில் விற்கப்பட்டன. வார்ப்பு சற்று முரடு. வண்ணமும் அத்துணைச் செம்மையுடையதன்று. ஆயினும் இன்று இங்கிலாந்திலுள்ளாரும் அவற்றைத் தேடி வாங்குகின்றனர்.

நிற்க. தமிழ்நாட்டுச் சிறுவர் பண்டு எவற்றைக் கொண்டு விளையாடினர்? பொற்சதங்கை அணிந்த புதல்வர் குதிரையின்றி உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் பட்டினப்பாலையிற் கூறப்படுகின்றது. தச்சன் செய்து தந்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாதாயினும், கையால் இழுத்துச் செல்வதிலேயே இன்பங்கொள்ளும் சிறுவரைக் குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் உவமையாக எடுத்தாள்கின்றார். கடற்கரையில் மகளிர் ஈரமணலாற் செய்த வண்டற்பாவையும் சங்கச் செய்யுட்களிற் பயின்று வருவது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் காட்டும் சிறுமி ஒருத்தி, தான் செய்த பாவையைக் கடலலை கொண்டுபோயிற்றென்று சினந்து, நுண்மணலை வாரி இறைத்து அக்கடலையே தூர்க்க முயல்கின்றாள். குழந்தையின் பற்றுக்கு இதனினும் சிறந்த சான்று யான் அறிந்ததில்லை. அப்பாவையை எந்தப் பொருட்காட்சிச்சாலையில் வைப்பது?

நம் சிறார் விரும்பிய பொருள்களிற் பெரும்பாலானவை இத்தன்மையனவே. நுங்கு எடுத்த பனங்காய் இரண்டனை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டுக் கோலால் தள்ளிச் செல்லும் வண்டி சில நாட்களில் வாடிச் சுருங்கிவிடும். பனையோலைக் காற்றாடி மாலைவரை சுழன்றாற் போதும். பூவரசிலையைச் சுருட்டிச் செய்த ஊதல் வாயிலேயே கிழிந்துபோம். சோளத்தட்டையாற் செய்த மாட்டுவண்டியை மாடே தின்றுவிடுதலும் உண்டு. இவற்றிற்கு விலையில்லை, கடையில்லை, பெட்டியும் இல்லை. மோஹஞ்சதாரோவில் அகழ்ந்தெடுத்த சுடுமண் வண்டிகளும், தலை அசையுமாறு செய்த சுடுமண் எருதும் நாலாயிரம் ஆண்டு கழிந்தும் நமக்குக் கிடைத்தன. அந்நகரச் சிறுவர் ஓலையாலும் நாணலாலும் செய்தவை இருந்தனவேல் அவை நமக்குக் கிடைத்தில. எஞ்சியது சுட்ட மண் ஆதலால் எஞ்சியது. மிகுதியாக விரும்பப்பட்டமையால் எஞ்சியதன்று.

தில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965இல் நிறுவிய பொம்மைக் காட்சிச்சாலையையும் இவ்விடத்துக் கருதலாம். ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையே அத்தொகுப்பிற்கு வித்தாயிற்று. பல நாட்டு மக்களின் உடையையும் கோலத்தையும் அங்கே ஒருசேரக் காணலாம். அஃது அரிய பயனுடையதே. ஆயினும் அவற்றுட் பெரும்பாலன காட்சிக்கென்றே செய்யப்பட்டவை. குழந்தையின் கைபட்டுக் கறுத்த பொம்மையை அங்கே தேடுதல் கூடாது.

விளையாடியும் எஞ்சிய பொருள் நம்மிடத்தில் ஒன்று உண்டென்றால் அது மரப்பாச்சியே. செம்மரத்தைக் கடைந்தெடுத்த இப்பாவை, ஆணும் பெண்ணுமாக இணைந்து வரும். கையும் காலும் உடலோடு ஒட்டி, ஒரே துண்டாக அமைந்திருத்தலின் உடைவதற்கு இடமில்லை. செம்மரம் நீரில் அமிழும் கனமுடையது, எளிதிற் செல்லரியாது. பல் முளைக்கும் குழந்தை இதனைக் கடித்தலும், தாய்மார் இதனைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குப் பூசுதலும் வழக்கமாயிருந்தன. அம்மரத்திற்கு மருந்துக்குணம் உண்டென்று கருதினர். மணப்பெண்ணுக்குத் தாய்வீட்டார் மரப்பாச்சி இணையைக் கொடுத்தனுப்புதலும் பல குடும்பங்களில் உண்டு. நவராத்திரிக் கொலுவில் ஏனைய பொம்மைகள் படியேறியபின் தொடலாகாதவை ஆகிவிடுகின்றன. மரப்பாச்சிக்கு மாத்திரம் வீட்டுப் பெண்கள் ஆண்டுதோறும் புத்தாடை தைத்து உடுத்துவர். இவ்வாறு பாட்டி கையிலிருந்து பேர்த்தி கைக்கு வந்த பாவையின் மூக்கும் விழியும் தேய்ந்து மழுங்கியிருக்கும். அதனை ஏலத்திலிடுவார் குறையென்பர். வீட்டாரோ எந்தப் பல்தடம் எவருடையது என்று சொல்லி மகிழ்வர்.

இனி இப்பாவை கிடைப்பதும் அரிதாகும் போலும். செம்மரம் ஆந்திர நாட்டின் தென்பகுதி மலைகளிலும் அவற்றை அடுத்த இடங்களிலுமே இயல்பாக வளர்வது. திருட்டு வெட்டினால் அது குறைந்தமையின், 1995இல் பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வேறு மரத்தைச் செதுக்கிச் சாயமேற்றி விற்பனவும் உள. செம்மரத்தின் நிறப்பொருள் நீரில் எளிதிற் கரையாது, சாராயத்திற் கரையும். ஆகவே ஈரத்துணியால் துடைத்த அளவில் சிவப்புச் சாயம் இறங்குமாயின் ஐயுறுதல் தகும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் கூறாது விடலாகாது. இதன் ஒருவகை, தலையும் உடலும் பாவாடையும் தனித்தனியே கம்பியில் தாங்கப்பட்டு ஆடுவது. மற்றொரு வகை, எத்துணைச் சாய்ப்பினும் எழுந்து நிற்பது. பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இஃதொரு நல்ல பாடம். பொம்மையின் அடி அரைக்கோள வடிவானது. அதில் களிமண்ணைக் கனமாக இடுவர். மேற்பகுதியை இலேசாக அமைப்பர். அதனால் பொம்மையின் ஈர்ப்பு மையம், அடிவளைவின் மையத்திற்குக் கீழே அமைகின்றது. சாய்க்குந்தோறும் ஈர்ப்பு மையம் உயர நேர்தலின், கையை விட்டவுடன் அது பழைய தாழ்ந்த நிலையை நாடி மீள்கின்றது. பொம்மையின் தலையில் சிறிது சிறிதாக மெழுகை அப்பிக்கொண்டே வருக. ஈர்ப்பு மையம் வளைவு மையத்தைக் கடந்தபொழுது பொம்மை எழாது வீழ்ந்துகிடக்கும். இத்தொழிலுக்கு 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பெயர் காக்கப்பட்டது, கைத்தொழிலாளர்க்கு வாழ்வு கிடைத்தாலன்றித் தொழில் நிலைபெறாது. பிளாஸ்டிக் தலையாட்டிகள் அருகிலேயே குறைந்த விலைக்கு விற்கின்றன.

தொகுக்க விரும்பும் மாணவர், பொருளைப் பெற்றவுடன் அதனோடு ஒரு சீட்டும் எழுதி வைத்தல் வேண்டும். எவ்வூரில், எத்திருவிழாவில், என்ன விலைக்கு வாங்கப்பட்டது, யார் வைத்து விளையாடினர், எவ்வாறு விளையாடினர், அதன் உறுப்புக்களுக்கு அவ்வூரில் வழங்கும் பெயர் யாது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். சீட்டில்லாத பம்பரம் வெறுங்கட்டை. பனங்காய் வண்டி போல்வனவற்றை வைத்துப் போற்ற இயலாது ஆதலின், அவற்றைச் செய்யத் தெரிந்த முதியோரை அணுகி, அவர் செய்யுங்கால் உடனிருந்து கற்று, படமும் எழுதிக்கொள்ளலாம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்க்கு இஃது ஒரு மாலைப்பொழுதின் வேலை.

பொருள்களைக் காக்கும் முறைபற்றிச் சில சொல்லி அமைவேன். தகரப் பொருளை நீரிற் கழுவலாகாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைக்க. உதிர்ந்த வண்ணத்தின்மேல் புதுவண்ணம் பூசற்க. செல்லுலாய்டு பொம்மை கற்பூரமும் வெடிப்பஞ்சும் கூடிய பொருளாற் செய்யப்பட்டது; எளிதில் தீப்பற்றும்; அழுகத் தொடங்கின் அதனின்று எழும் புளித்த ஆவி அருகிலுள்ள பொருள்களையும் கெடுக்கும். அதனை மூடிய பேழையிலிடாது, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைத்தல் வேண்டும். பழைய விளையாட்டுப் பொருள்களின் வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் பெருவழக்கு. ஆதலின் பாட்டனார் காலத்து வண்ணப் பொம்மையை, எதனையும் வாயிலிட்டு மெல்லும் பருவத்துக் குழந்தையின் கையிற் கொடுத்தல் தகாது. சாயமேற்றாத பழைய மரப்பாச்சி இருக்குமாயின் அதனைக் கொடுக்கலாம்.