சிடி பாட்டைக் கணினியில் ஏற்ற எந்த மென்பொருள்?

இசை சிடி ஒன்றை விண்டோஸ் கணினியில் போட்டுத் திறந்தால் பாட்டுக்கு ஒன்றாகக் கோப்புகள் தெரியும். ஒவ்வொன்றின் அளவும் வெறும் 44 பைட். அவற்றை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு சிடியை எடுத்துவிட்டால் ஒன்றும் பாடாது. எந்தப் பாட்டு தட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்ற குறிப்பைத் தவிர அந்தக் கோப்புகளுக்குள் வேறெதுவும் இல்லை.

1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடி கணினிக்காகச் செய்யப்பட்டதல்ல. கோப்பு, ஃபோல்டர் என்ற ஏற்பாடே அதில் கிடையாது. நொடிக்கு 44,100 முறை அளந்த ஒலி, இரண்டு சேனல்களில், 16 பிட் எண்களாகத் தொடர்ந்து ஓடுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. இந்த ஓட்டத்தைப் படித்துக் கோப்பாக்கும் வேலைக்குத்தான் ரிப்பிங் என்று பெயர்.

ரிப் செய்வதும் பாட்டுக் கேட்பதும் தனித்தனி வேலைகள். விண்டோஸ் மீடியா பிளேயர், ஐடியூன்ஸ் போன்றவை இரண்டையும் செய்வதால் பலரும் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிளேயர் பிடிக்காவிட்டால் நாளைக்கே மாற்றிவிடலாம். பிழையோடு எடுத்த பாட்டுக்கு அந்த வசதி இல்லை. சிடியைத் தேடி எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் தட்டு கெட்டுப்போயிருந்தால் அதற்கும் வழியில்லை. அதனால் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது முதலில் ரிப்பரைத்தான்.

கீறலோ கைரேகையோ உள்ள இடத்தில் டிரைவால் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். டேட்டா சிடியில் இதற்கென்று கூடுதலாக ஒரு பிழைதிருத்த அடுக்கு உண்டு. ஆடியோ சிடியில் அது இல்லை. அதனால் விட்டுப்போன இடத்தை அக்கம்பக்கத்து எண்களை வைத்து உத்தேசமாக நிரப்பிவிட்டு டிரைவ் மேலே போய்விடும். சாதாரண ரிப்பர் அதை அப்படியே சேமித்துக்கொள்ளும். பாட்டின் நடுவே 'டிக்' என்று கேட்கும்போதுதான் பிழை தெரியவரும்.

இதற்கு வழி சொன்னது ஜெர்மனியின் ஆண்ட்ரே வீட்ஹாஃப் 1998-ல் வெளியிட்ட எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக ஈஏசி. சொந்த உபயோகத்துக்கு இலவசம். அதன் பாதுகாப்பு முறையில் ஒவ்வொரு செக்டாரும், அதாவது நொடியில் 75-ல் ஒரு பங்கு ஒலி, குறைந்தது இரண்டு முறை படிக்கப்படும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அதே இடத்தை 16 முறை படித்து, அதில் எட்டு ஒன்றுபோல வருகிறதா என்று பார்க்கும். மோசமான இடமென்றால் 82 முறைகூடப் படிக்கும். அப்படியும் முடியாவிட்டால், எந்தப் பாட்டில் எந்த நொடியில் சந்தேகம் என்று அறிக்கையில் எழுதிவைக்கும். நல்ல ரிப்பருக்கு இதுவே அடையாளம்: முடியாததை முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

அக்யுரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம் இன்னொரு துணை. அதே சிடியை வேறு டிரைவ்களில் ரிப் செய்தவர்களின் சரிபார்ப்பு எண்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. நம்முடைய எண்ணும் அவற்றோடு ஒத்துப்போனால் பிழையில்லை என்று நம்பலாம். அதிகம் பேர் வாங்காத சிடிக்குப் பதிவு இல்லாமல் போகலாம். அப்போது ஈஏசியின் அறிக்கையே ஆதாரம்.

ஈஏசியின் செட்டிங்குகள் புதியவரைத் திணறடிக்கும். பணம் கொடுக்கத் தயாரென்றால் டிபிபவர்ஆம்ப் இதே வேலையை எளிதாக முடித்துத் தரும். மேக்கில் எக்ஸ்எல்டி இருக்கிறது, லினக்ஸில் சிடிபாரனாய்யா. ஐடியூன்ஸே போதும் என்பவர்கள், சிடி படிக்கும்போது பிழைதிருத்தம் செய்யச் சொல்லும் தேர்வையாவது டிக் செய்துகொள்ள வேண்டும்.

எந்த வடிவில் சேமிப்பது என்பது அடுத்த கேள்வி. எம்பி3 கோப்பைச் சிறிதாக்குவது, காதுக்கு எட்டாது என்று கருதும் ஒலியை நீக்கித்தான். நீக்கியது திரும்ப வராது. 2001-ல் வந்த ஃப்ளாக் எதையும் நீக்குவதில்லை, பெரும்பாலும் பாதிக்குச் சற்றே கூடுதலான அளவில் அடக்கிவிடும். ஒரு மணி நேர சிடிக்கு 300 முதல் 400 எம்பி என்பது இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிதல்ல. மூலப் பிரதியை ஃப்ளாக்கில் வைத்துக்கொண்டு, போனுக்கும் காருக்கும் வேண்டும்போது அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்வதே சரி. ஆப்பிளின் மியூசிக் செயலி ஃப்ளாக்கை ஏற்காது. ஆப்பிள்காரர்கள் இழப்பே இல்லாமல் அதை ஏலாக் வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் காப்புரிமைப் பூட்டோடு ரிப் செய்யும் தேர்வு ஒன்று இருந்தது. அப்படி எடுத்த டபிள்யுஎம்ஏ கோப்புகள் உரிமம் இல்லாத வேறு கணினியில் பாடாது. சொந்த சிடிக்கு அந்தக் கதி வரக் கூடாது.

பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாட்டின் பெயர் இருக்காது. பாட்டுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் வைத்து மென்பொருள் இணையத்தில் தேடிப் பெயர்களைக் கொண்டுவரும். தமிழ் சிடிகளுக்கு இதை முழுதாக நம்ப முடியாது. இளையராஜாவின் பெயரே ஆங்கில எழுத்தில் பல விதமாக வரும். கலைஞர் என்ற இடத்தில் ஒருவர் பாடகரையும் இன்னொருவர் இசையமைப்பாளரையும் எழுதியிருப்பார். படத்தை ஆல்பம் என்ற இடத்திலும், பாடகரையும் இசையமைப்பாளரையும் அவரவர்க்கு உரிய இடத்திலும் போடுவதென்று முடிவு செய்து, எம்பி3டேக் போன்ற கருவியால் மொத்தமாகத் திருத்திவிடலாம். ஃப்ளாக்கில் யூனிகோட் தமிழ் தடையின்றி ஏறும். கச்சேரி சிடி என்றால் ராகம், தாளம் என்று தனிப் புலங்களே சேர்க்கலாம்.

கேட்பதற்கான மென்பொருளில் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. விண்டோஸில் 2002 முதல் இருந்துவரும் ஃபூபார்2000 பழைய கணினியிலும் லேசாக ஓடும். ஆல்பம் அட்டைப்படங்களோடு அழகாக வேண்டுமென்றால் மியூசிக்பீ. மூன்று இயங்குதளங்களிலும் ஓடும் ஸ்ட்ராபெரிக்கு லினக்ஸில் நல்ல பெயர். விஎல்சி எதையும் பாடும், ஆனால் ஆயிரக்கணக்கான பாட்டுகளை அடுக்கிப் பார்க்க அது தோதுப்படாது.

பார்க்க வேண்டியவை இரண்டு. ராகம் தானம் பல்லவியைப் பல டிராக்குகளாக வெட்டிய சிடியில், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவில் மௌனம் விழக் கூடாது. பிளேயருக்கு இடைவெளியின்றிப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று ரீப்ளேகெயின். பழைய படப்பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு காதைப் பிளப்பதாகவும் வரும்போது, ஒலியைத் தொடாமல் குறிப்பை மட்டும் கோப்பில் எழுதிவைத்து, பாடும் நேரத்தில் அளவைச் சமப்படுத்துவது அது. ஃபூபார்2000 இரண்டையும் செய்கிறது. பாட்டைத் தேர்ந்தெடுத்து வலது பக்கம் சொடுக்கினால் ரீப்ளேகெயின் என்ற வரி வரும், நூறு ஆல்பங்களையும் ஒரே தடவையில் அளந்துவிடலாம்.