லேப்டாப்பைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னை நாவலூரில் இருந்து கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். மெட்ரோ வேலையால் இடுங்கிப்போன ஓஎம்ஆரில் ஊர்ந்துபோய், பேரம் பேசி எஸ்எஸ்டி வாங்கி வந்த பிறகு, அது லேப்டாப்புக்குள் உட்காரவே இல்லை என்றால் வரும் எரிச்சலைச் சொல்லி மாளாது. பெரும்பாலும் அதற்குக் காரணம் வேகமோ பிராண்டோ அல்ல, நீளம்.

இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது எம்.2 வகை எஸ்எஸ்டி. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். டப்பாவில் 2280 என்று போட்டிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். பல லேப்டாப்கள் இதை ஏற்கும். ஆனால் சில மெல்லிய மாடல்களில் 2242 அல்லது 2230-க்குத்தான் இடம். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். எந்த நீளம், எத்தனை ஸ்லாட், எந்தத் தலைமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் உங்களுக்கு யோகம். பழையதைக் கழற்றாமலே புதியதைப் பொருத்திவிடலாம். இன்றைய மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை, அதில் சேமிப்பகத்தை மாற்ற முடியாது. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே எடுக்காதீர்கள், ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் உண்டு. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்பிதான். புது லேப்டாப்புக்கு என்விஎம்இ வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் அடுத்துக் காட்டுவது வேகக் கணக்கு. ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்றால் நொடிக்குச் சுமார் 3,500 எம்பி, ஜென் 4 என்றால் 7,000, ஜென் 5 என்றால் 14,000 வரை. எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை ஒரே பெரிய கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது கிடைப்பவை. லேப்டாப் ஆன் ஆகும்போதும், பிரவுசர் திறக்கும்போதும் நடப்பது வேறு: ஆயிரக்கணக்கான துணுக்குக் கோப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கப்படுகின்றன. கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். முதல் வரியில் ஆயிரங்களில் தெரியும் எண், கடைசி வரியில் 50, 80 என்று இறங்கிவிடும். அந்தக் கடைசி வரியில் ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அன்றாடம் நம் கைக்குத் தெரிவது அந்த வரிதான்.

ஜென் 4 ஸ்லாட்டில் ஜென் 5 போட்டாலும் ஓடும், ஜென் 4 வேகத்தில். கொடுத்த கூடுதல் காசு சூடாக மாறும், அவ்வளவுதான். மேசைக் கணினியில் அதற்கு மேல் தடித்த ஹீட்சிங்க் வைக்கலாம், லேப்டாப்பில் அதற்கு இடமேது? சூடு ஏறினால் எஸ்எஸ்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத அறையில் இதை நன்றாக உணரலாம். என்னைக் கேட்டால் லேப்டாப்புக்கு ஜென் 4 தாராளம்.

வேகத்தைவிடக் கவனிக்க வேண்டியது டிஎல்சியா, கியூஎல்சியா என்பது. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் திணிப்பது கியூஎல்சி. பின்னது மலிவு. ஆனால் கல்யாண வீடியோ மாதிரி பெரிய கோப்புகளைத் தொடர்ந்து ஏற்றினால், தற்காலிகச் சேமிப்பான கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்குக்கூட விழுந்துவிடும். ஆயுளைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம். க்ரூஷியல் பி3-இன் 1 டிபி மாடல் கியூஎல்சி. 220 டிபி வரை எழுதலாம் என்பது உத்தரவாதக் கணக்கு. டிஎல்சியான சாம்சங் 990 ப்ரோவின் 1 டிபி மாடலுக்கு அது 600. தினம் 30 ஜிபி எழுதினால்கூட 220 டிபியைத் தொட 20 ஆண்டு ஆகும். அதற்குள் லேப்டாப்பே காயலான் கடைக்குப் போயிருக்கும்.

எவ்வளவு கொள்ளளவு? 512 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் 476 என்று காட்டும். 1 டிபி என்றால் 931. யாரும் திருடவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. மாற்றுவதென்று முடிவெடுத்தால் 1 டிபிக்குக் குறைந்து வாங்குவதில் அர்த்தமில்லை. விலைதான் இடிக்கிறது. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் பிராண்டின் நுகர்வோர் வியாபாரத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இருக்கும் 512 உண்மையிலேயே நிரம்பட்டும், பிறகு பார்க்கலாம் என்பதும் நல்ல முடிவே. வாங்கினால் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு 16 டிபி என்று ஆன்லைனில் வருவதெல்லாம் போலி.

திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிரைவ் பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே பிட்லாக்கர் என்ற குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிவையுங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் உரிமம் மறுபடி வாங்க வேண்டியதில்லை, அது மதர்போர்டோடு பிணைந்தது.

வாரண்டி பற்றி சர்வீஸ் சென்டரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். எஸ்எஸ்டி மாற்றினால் வாரண்டி போகாது என்று பல நிறுவனங்கள் சொல்லும். திறக்கும்போது கிளிப் உடைந்தால் பொறுப்பேற்க மாட்டார்கள். கழற்றிய பழைய எஸ்எஸ்டியை உடனே விற்றுவிடாதீர்கள். வாரண்டிக் காலத்தில் மதர்போர்டு மக்கர் செய்தால், முதலில் அதைத் திரும்பப் பொருத்திக் கொண்டுவரச் சொல்வார்கள்.